80 கிலோவும் 55 கிராமும்

மன்னார்

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பியிருந்ததை ஆறுதலாக இருந்து வாசித்தேன். போனில் கதைத்து முடிக்கிற விஷயமில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பௌதிகவியலைச் சிறப்புப் பாடமாக எடுத்துச் சூரியக் கலங்களில் ஆய்வு செய்வதா, அல்லது கூட்டாளிகள் போகிற வழியில் கணினிப் பக்கம் போவதா என்று கேட்டிருக்கிறாய். சீனாவிலிருந்து பனல் மலிவாக வந்து குவிகிறதே, இனி அதில் கண்டுபிடிக்க என்ன கிடக்கிறது என்றும் கேட்டிருக்கிறாய். அதற்குக் கீழே, பாதி எழுதி விட்ட மாதிரி இன்னொரு கேள்வி: காற்றாலைக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக ஊரே ரோட்டில் நிற்கும்போது, நான் பசுமைச் சக்தி படிக்கிறேன் என்று எந்த முகத்தோடு வந்து சொல்வது?

அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உன்னை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

மன்னார்த் தீவு கிட்டத்தட்ட 26 கிலோமீற்றர் நீளம். அகலம் சில கிலோமீற்றர்தான். இந்தத் துண்டு நிலத்தின் தென்கரையில் 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலையைத் திறந்தார்கள்: 30 கோபுரம், 103.5 மெகாவாற். பிறகு மன்னாருக்கும் பூநகரிக்குமாக 484 மெகாவாற் திட்டத்தோடு அதானி நிறுவனம் வந்தது, 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அத்தோடு திட்டங்கள் நின்றுவிடவில்லை. 2025 ஓகஸ்டில் சனம் ரோட்டுக்கு இறங்கியது உனக்குத் தெரிந்ததுதான். காற்று வேண்டுமென்று ஒரு பக்கத்தால் வருகிறார்கள், மணலுக்குள் இருக்கிற இல்மனைற் என்ற தைத்தேனியத் தாது வேண்டுமென்று மற்றப் பக்கத்தால் வருகிறார்கள். மழை வெள்ளம் வடிகிற வழி, கிணற்று நன்னீர், வந்து இறங்குகிற பூநாரை, கரைவலை இழுக்கிற கரை எல்லாம் இதே துண்டுக்குள்தான் கிடக்கின்றன.

அந்தக் கூட்டத்தில் நின்ற ஒருவர்கூட எங்களுக்குக் கரண்ட் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்கவில்லை. ஒரு யூனிற் கரண்டுக்காக எங்கள் இடத்தில் எவ்வளவைக் கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி அது. ஒரு சூரியக் கலத்தைப் பார்த்தும் அதையே கேட்கலாம்: ஒரு யூனிற்றுக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு சிலிக்கன், எவ்வளவு வெள்ளி, எவ்வளவு ஈயம்? நீ எடுக்க நினைக்கிற ஆய்வின் முழு வேலையும் அந்த எண்களைக் குறைப்பது. ஊர் கேட்கிற கேள்வியையே நீ ஆய்வுகூடத்துக்குள் கொண்டுபோகிறாய். அதைச் சொல்ல உனக்கு ஏன் கூச்சம்?

கணக்காகப் பார். நல்ல மத்தியான வெயிலில் ஒரு சதுர மீற்றரில் ஏறக்குறைய 1000 வாற் விழுகிறது. 15 வீத வினைத்திறனுள்ள பனல் என்றால் ஒரு கிலோவாற்றுக்கு 6.7 சதுர மீற்றர் வேண்டும். இப்போது கடைக்கு வருகிற 22 வீதப் பனலுக்கு 4.5 போதும். 30 வீதத்தில் ஒன்று கூரைக்கு வந்தால் 3.3. ஒரு வீட்டுக்கு 5 கிலோவாற் பூட்டுகிறோம் என்று வைத்துக்கொள்: முதலாவதுக்கு 33 சதுர மீற்றர், இரண்டாவதுக்கு 23, மூன்றாவதுக்கு 17. பேசாலையில் ஒரு வீட்டுத்திட்ட வீட்டின் கூரையில் 33 ஐ அடக்குவது பெரும்பாடு. 17 ஐ ஒரு பக்கச் சரிவிலேயே அடக்கிவிடலாம். கூரையில் அடங்குகிற ஒன்றுக்குத் தரையில் வேலி போட வேண்டியதில்லை.

கூரை என்றவுடன் பாரமும் வருகிறது. கண்ணாடி போட்ட பனல் சதுர மீற்றருக்கு 11, 12 கிலோ இருக்கும், அதன் கீழே அலுமினியச் சட்டமும் சேரும். தாழ்வுபாட்டில் உன் பெரியம்மா வீட்டுக்குப் பனல் பூட்ட வந்த பெடியன்கள் ஏறிப் பார்த்துவிட்டு, அஸ்பெஸ்டஸ் சீற்றும் கீழே இருக்கிற மரமும் இந்தப் பாரத்தைச் சோளகக் காற்றில் தாங்காது என்று இறங்கிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரி. அப்படியான வீடுகள் எங்கள் கரையில் நிறைய. கரண்ட் பில்லைக் கட்டக் கூடுதலாகக் கஷ்டப்படுவதும் அந்த வீடுகள்தான். மெலிந்த, பாரமில்லாத, வளைகிற பனல் ஒன்று வருவதென்றால் முதலில் தேவைப்படுவது அவர்களுக்கு.

இனிச் சிலிக்கனின் கணக்கு. ஜேர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் நிறுவகம் வருடாவருடம் வெளியிடுகிற அறிக்கையின்படி, 2004 அளவில் ஒரு வாற்றுக்கு 16 கிராம் சிலிக்கன் செலவானது. இன்று அது 2 கிராம் அளவில் நிற்கிறது. அதே 5 கிலோவாற் கூரைக்கு அன்று 80 கிலோ, இன்று 10 கிலோ. ஒரு மைக்ரோமீற்றர் தடிப்பில், 21 வீத வினைத்திறனில் செய்ய முடிந்தால், அறுக்கும்போதும் படிய வைக்கும்போதும் வீணாவதைச் சேர்க்காமல், அந்தக் கூரைக்கு 55 கிராம். இந்த மூன்றாவது எண் இன்றைக்கு எந்தக் கூரையிலும் இல்லை. அது வெறும் கனவும் இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

80 கிலோ 10 கிலோவானது ஒரு பெரிய கண்டுபிடிப்பால் நடந்த விஷயமில்லை. 2008 இல் தூய சிலிக்கனுக்குத் தட்டுப்பாடு வந்து கிலோ 400 டொலரைத் தாண்டியது. அந்த நெருக்கடியில் எல்லாரும் மெலியச் செய்யப் பழகினார்கள். 300 மைக்ரோமீற்றர் தடிப்பில் இருந்த தகடு 150 ஆனது. சிலிக்கன் கட்டியை அறுக்கிற உருக்குக் கம்பியின் இடத்துக்கு வைரத்தூள் பதித்த மெல்லிய கம்பி வந்தது, தூளாகப் போகிற பங்கு குறைந்தது. அவுஸ்திரேலியாவில் மார்ட்டின் கிரீனின் குழு 1989 இல் 22.8 வீதம் காட்டிய கல வடிவம், பின்பக்க மேற்பரப்பைப் பாதுகாத்து அங்கு போகிற ஒளியைத் திருப்பி விடுகிற அந்த வடிவம், இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு தொழிற்சாலைகளில் பரவியது. ஆய்வுகூடத்தில் காட்டியது கூரைக்கு வர அவ்வளவு காலம் எடுத்தது என்பதை மனதில் வை. உனக்கு அவசரம் அதிகம் என்று அம்மா சொல்கிறாள்.

ஏன் இந்தக் கிராமுக்கெல்லாம் கணக்குப் பார்க்கிறோம்? குவார்ட்ஸ் கல்லைக் கரியோடு சேர்த்து 2000 பாகை அளவில் உருக்கித்தான் சிலிக்கன் எடுக்கிறார்கள். பிறகு அதை வாயுவாக்கிச் சுத்திகரித்து, 1100 பாகை அளவில் சூடாக்கிய கம்பியில் படிய வைத்து, திரும்பவும் 1414 பாகைக்கு மேல் உருக்கிப் பளிங்காக இழுக்கிறார்கள். சிலிக்கனுக்குக் குறைச்சல் இல்லை, பூமியெல்லாம் மணல்தான். செலவு எல்லாம் அந்தச் சூட்டில் இருக்கிறது. ஒரு கிராம் மிச்சம் பிடித்தால் எங்கோ எரிகிற நிலக்கரியில் மிச்சம் பிடிக்கிறாய்.

இந்தக் கடிதத்தோடு சின்ன உறை ஒன்றுக்குள் உடைந்த கலத் துண்டு வைத்திருக்கிறேன். விளிம்பைத் தடவாதே, வெட்டும். அதை நிமிர்த்தி விளிம்புப் பக்கமாகப் பார். பழைய பனலில் இருந்து எடுத்தது, 180 மைக்ரோமீற்றர் அளவு இருக்கும், ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவுக்குள்தான் வெயில் கரண்டாகிறது. பிறகு முகத்தைப் பார். குறுக்கே ஓடுகிற மெல்லிய சாம்பல் கோடுகள் வெள்ளி. வெள்ளிப் பசையைத் திரை வைத்து அச்சடித்துச் சுட்டிருக்கிறார்கள். 2024 இல் உலகம் முழுவதும் தேவைப்பட்ட வெள்ளியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இந்தக் கோடுகளுக்குப் போனது. அதனால்தான் செம்பை வைத்துக் கோடு போடப் பலர் முயல்கிறார்கள், செம்பு சிலிக்கனுக்குள் ஊறிக் கலத்தைக் கெடுக்காமல் தடுப்பதுதான் பாடு. கோடுகளுக்கு இடையில் இருக்கிற இருட்டை உன் துறை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் மேற்பரப்பு முழுக்கக் கோபுரம் கோபுரமாகத் தெரியும். காரத்தில் அரித்து உண்டாக்கிய கூம்புகள் அவை. ஒரு கூம்பில் பட்டுத் தெறிக்கிற ஒளி பக்கத்துக் கூம்பில் பட்டு உள்ளே போகிறது. வெறும் சிலிக்கன் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். உன் கையில் இருப்பது கறுப்பாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அந்தக் கூம்புகள்.

கல ஆய்வின் நெஞ்சு இங்கேதான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒளிக்கும் இலத்திரனுக்கும் ஒத்துப்போவதில்லை. ஒளி முழுக்க உறிஞ்சப்படத் தடிப்பு வேண்டும். சிலிக்கனுக்குள் நீல ஒளி மூன்றிலொரு பங்காகக் குறைய மைக்ரோமீற்றரில் பத்தில் ஒரு பங்கு போதும். 700 நனோமீற்றர் சிவப்புக்கு 5 மைக்ரோமீற்றர் வேண்டும். 1000 நனோமீற்றர் அகச்சிவப்புக்கு 150 மைக்ரோமீற்றர். இலத்திரனுக்கோ மெலிவு வேண்டும். விடுபட்ட இலத்திரன் எங்காவது ஒரு பழுதில் மாட்டித் தன் துளையோடு திரும்பச் சேர்ந்துவிடுவதற்குள் முனைக்குப் போய்ச் சேர வேண்டும், தூரம் குறைந்தால் பிழைக்கிற வாய்ப்புக் கூடும். மெலியச் செய்தால் சிலிக்கன் மிச்சம், இலத்திரனுக்கும் நல்லது, வோல்ற்றளவுகூடச் சற்று ஏறும். ஆனால் சிவப்பும் அகச்சிவப்பும் உறிஞ்சப்படாமல் மறுபக்கத்தால் போய்விடும். போதாததற்கு, மெலிய மெலியக் கலம் முழுக்க மேற்பரப்பாகிறது. பழுதுகள் அதிகம் இருப்பது மேற்பரப்பில்.

தடிப்பைக் கூட்டாமல் ஒளி போகிற பாதையை மட்டும் நீட்ட முடியுமா? 1982 இல் எலி யப்லோனோவிச் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். மேற்பரப்பைச் சரியான விதத்தில் கரடாக்கினால் உள்ளே போன ஒளி வெளியேற வழி தெரியாமல் சாய்ந்து சாய்ந்து அலையும், பலவீனமாக உறிஞ்சப்படுகிற ஒளிக்குச் சிலிக்கனில் ஏறக்குறைய 50 மடங்கு வரை பாதை நீளலாம். அந்த எல்லைக்கு எவ்வளவு கிட்டப் போகலாம் என்பதுதான் பிறகு வந்தவர்களின் ஓட்டம். 2022 இல் அம்ஸ்டர்டாமின் அமொல்ஃப் நிறுவகம், லண்டன் இம்பீரியல் கல்லூரி, சறே பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து ஒரு முடிவை வெளியிட்டன. ஒரு மைக்ரோமீற்றர் சிலிக்கன் படலத்தின் முகத்தில் நனோ அளவில் ஒரு கோலத்தைச் செதுக்கி, விழுகிற வெயிலில் 65 வீதத்துக்கு மேல் உறிஞ்ச வைத்தார்கள். அப்படிச் செய்த கலம் 21 வீதம் தரலாம் என்பது அவர்களுடைய கணிப்பு. மேலே நான் சொன்ன 55 கிராம் அதிலிருந்து வந்தது. உறிஞ்சியது அளந்து கண்டது, 21 வீதம் கணக்கில் கண்டது. இந்த இரண்டையும் ஒருபோதும் ஒன்றாக வாசிக்காதே. சறேயில் இந்த வேலை நடந்த நிறுவகத்துக்குத் தலைவராக இருந்தவர் இலங்கையில் பிறந்த பேராசிரியர் ரவி சில்வா என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்.

அந்தக் கோலம் என்னைப் பிடித்துக்கொண்டது. வரிசையாகக் குழி செதுக்கினால் சில நிற ஒளிகளை மட்டும் நன்றாகச் சாய்க்கும். கண்டபடி செதுக்கினால் ஒரு இடத்தில் நெரிசலும் இன்னொரு இடத்தில் வெறுமையுமாகி ஒளி தப்பிவிடும். அவர்கள் எடுத்தது நடுவில் இருக்கிற ஒன்று. பேசாலைக் கரையில் கருவாடு காயப் பரப்புகிற பெண்களின் கையைப் பார்த்திருப்பாய்: வரிசை கிடையாது, ஆனால் ஒன்றன்மேல் ஒன்று விழுவதுமில்லை, வலையில் வெறும் இடம் விடுவதுமில்லை. கணிதத்தில் இந்த ஒழுங்குக்கு இலக்கணம் எழுதியிருக்கிறார்கள். 2014 இல் கோழியின் விழித்திரையைப் பார்த்தபோது நிறமறியும் கலங்கள் இதே விதத்தில் பரவியிருப்பதைக் கண்டார்கள். ஒளியைச் சிந்தாமல் வாங்க வேண்டிய இரண்டு இடத்திலும் ஒரே ஏற்பாடு.

பாதையை நீட்டுவது ஒரு வழி. வேறு பொருளை எடுப்பது மற்ற வழி. அதில் எங்கள் நாட்டு ஆட்களின் கை நிறைய இருக்கிறது. ஒளியை நல்லாய்ப் பிடிக்கிற சாயம் ஒன்றைத் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் துணிக்கைகளில் பூசிச் செய்கிற கலத்தை 1991 இல் ஓரீகனும் கிரெட்சலும் சுவிற்சர்லாந்தில் காட்டினார்கள். அதற்குள் திரவம் இருந்தது, ஒழுகியது. திரவமே இல்லாமல் செம்பு அயடைட்டை வைத்துத் திண்மமாக அதைச் செய்து 1995 இல் வெளியிட்டவர் கண்டி ஹந்தானையில் இருந்த பேராசிரியர் கீர்த்தி தென்னகோன். யாழ்ப்பாணத்தில் உன் துறையிலேயே பேராசிரியர் புண்ணியமூர்த்தி ரவிராஜன் இருக்கிறார். லண்டனில் ஜெனி நெல்சனின் குழுவோடு அவர் செய்து 2005 இலும் 2006 இலும் வெளியான ஆய்வுகளைத் தேடி வாசி. கரண்ட் கடத்துகிற பிளாஸ்திக்குக்குள் ஒளி எழுப்புகிற சக்தி பத்து நனோமீற்றர் அளவுதான் போகும், அதற்குள் பிரிகிற எல்லை வந்தாக வேண்டும். ஆனால் ஒளியைப் பிடிக்க அதைவிடப் பலமடங்கு தடிப்பு வேண்டும். அதற்குத்தான் நாக ஒட்சைட்டை நிமிர்ந்த நனோ கோல்களாக வளர்த்து, இடையில் பிளாஸ்திக்கை நிரப்பினார்கள். சிலிக்கனில் நான் சொன்ன அதே பிணக்குத்தான், அளவு மட்டும் வேறு. பேர்கனில் இருந்து பேராசிரியர் தயாளன் வேலாயுதபிள்ளை தூய சக்தி ஆய்வுக்காக யாழ்ப்பாணத்தோடு கட்டியிருக்கிற தொடர்பும் உனக்கு வாய்ப்பு. இப்படியான வாசல் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருப்பதில்லை.

தைத்தேனியம் என்றவுடன் உனக்கு எங்கள் மணல் ஞாபகம் வந்திருக்கும். நாளைக்கு யாராவது உன்னிடம், பசுமைச் சக்திக்குத் தைத்தேனியம் வேண்டும், ஆகவே மன்னார் மணலைத் தோண்டத்தான் வேண்டும் என்று சொன்னால், பேனையை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டு. இன்றைய பெரோவ்ஸ்கைற் கலத்தில் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் படலம் 50 நனோமீற்றர் அளவு. சதுர மீற்றருக்குக் கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. 5 கிலோவாற் கூரை முழுவதற்கும் 5 கிராம். துளைகளுள்ள இன்னொரு படலம் சேர்த்தாலும் ஒரு கைப்பிடி வராது. இல்மனைற்றின் மிகப் பெரும் பங்கு உலகெங்கும் வெள்ளைப் பெயின்ற்றுக்கும் பிளாஸ்திக்குக்கும் கடதாசிக்கும் போகிறது. சூரியனின் பேரைச் சொல்லி இந்தத் தீவைத் தோண்ட முடியாது. இதைக் கூட்டத்தில் எழும்பி நின்று எண்ணோடு சொல்ல எங்களுக்கு ஒரு ஆள் வேண்டும், மகள்.

பெரோவ்ஸ்கைற்றைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் எல்லாரும் இப்போது அதில்தான் நிற்கிறார்கள். அரை மைக்ரோமீற்றர் படலம் போதும், கரைசலாகப் பூசலாம். 2009 இல் ஜப்பானில் மியாசக்காவின் குழு காட்டியபோது 3.8 வீதம். சிலிக்கன் தனியாக ஒருநாளும் 29.4 வீதத்தைத் தாண்டாது, அது இயற்கை போட்ட எல்லை. சிலிக்கனின்மேல் பெரோவ்ஸ்கைற் படலத்தை வைத்து, நீலத்தை மேலேயும் சிவப்பைக் கீழேயும் பிடித்து, 2025 இல் சீனாவின் லொங்கி நிறுவனம் 34.85 வீதம் காட்டியது. அரை மைக்ரோமீற்றர் சேர்த்து அவ்வளவு ஏற்றம். பொருளைக் குறைத்து வினைத்திறனைக் கூட்டுவது இரண்டும் ஒன்றாக நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஆனால் அதற்குள் ஈயம் இருக்கிறது. சதுர மீற்றருக்கு ஒரு கிராமுக்கும் குறைவுதான், என்றாலும் தண்ணீரில் கரைகிற வடிவத்தில். ஈரமும் சூடும் அதற்கு எதிரி. ஈரமும் சூடும் உப்பும் சேர்ந்த ஊர் எங்களுடையது. விடத்தல்தீவுக் களப்போரத்தில் ஒரு பனல் உடைந்து மாரி மழையில் கிடந்தால் நண்டுக்கும் இறாலுக்கும் என்ன ஆகும் என்று கேட்க வேண்டியவள் நீ. அந்தக் கரையில் பிறக்காதவருக்கு அந்தக் கேள்வி தானாக வராது.

இதில்தான், இனிக் கண்டுபிடிக்க என்ன கிடக்கிறது என்ற உன் கேள்விக்கும் விடை இருக்கிறது. சீனா பனலை மலிவாகச் செய்துவிட்டது, உண்மை. உற்பத்தியின் ஒவ்வொரு படியிலும் 80 வீதத்துக்கு மேல் அவர்கள் கையில். விலையில் நீ அவர்களோடு ஓட வேண்டாம். எங்கள் காற்றில் அது எத்தனை வருடம் நிற்கும் என்பதை எங்களுக்காக யார் இருந்து பார்க்கப்போகிறார்கள்?

ஒன்று சொல்கிறேன். தாழ்வுபாட்டுக் கரையில் ஒரு வீட்டுப் பனல் பழுதென்று கழற்றி என்னிடம் கொண்டுவந்தார்கள். பின்பக்கம் இருக்கிற கறுப்புப் பெட்டியைத் திறந்தேன். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே மூலைகளில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது, செம்புப் பட்டியில் பச்சை ஏறியிருந்தது, மூன்று டையோட்டில் ஒன்று கருகியிருந்தது. கண்ணாடிக்குக் கீழே இருந்த கலங்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. இரண்டாயிரம் பாகையில் உருக்கி, வைரக் கம்பியால் அறுத்து, வெள்ளி பூசிச் செய்த அவ்வளவும், ஒரு சின்ன ரப்பர் வளையத்துக்காகக் கழிவாகப் போகவிருந்தது. உப்புக் காற்றுக்கென்று ஐ.ஈ.சி. 61701 என்ற சர்வதேசச் சோதனை இருக்கிறது. சோதனைப் பெட்டிக்குள் சில வாரம் உப்புத் தெளிப்பதும், சோளகம் முழுக்க ஒரு கூரையில் கிடப்பதும் ஒன்றாகுமா என்று அளந்து பார்க்க வேண்டும்.

ஆகவே ஒரு வாற்றுக்கு எத்தனை கிராம் என்ற கணக்கோடு நின்றுவிடாதே. ஒரு யூனிற்றுக்கு எத்தனை கிராம் என்று கேள். எங்கள் வெயிலில் ஒரு கிலோவாற் பனல் வருடத்துக்கு ஏறக்குறைய 1400 யூனிற் தரும். 25 வருடம் நின்றால் 35,000. ஐந்து வருடத்தில் செத்தால் 7,000. பனலின் எடையில் முக்கால் பங்கு கண்ணாடி, சிலிக்கன் இருபதில் ஒரு பங்கு அளவுதான். கலத்தைப் பாதியாக மெலியச் செய்துவிட்டு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கண்ணாடியையும் அலுமினியத்தையும் எறிந்தால் நீ மிச்சம் பிடித்தது என்ன? மெலிவும் ஆயுளும் சேர்ந்ததுதான் குறைந்த பொருள். ஆய்வுலகில் மெலிவுக்குக் கிடைக்கிற கைதட்டல் ஆயுளுக்குக் கிடைப்பதில்லை, அதனால் அந்தப் பக்கம் ஆள் குறைவு. எனக்கு அது மனவருத்தம். உனக்கு அது இடம்.

ஆய்வுக்குள் போனால் அளப்பதை முதலில் பழகு. வினைத்திறன் என்று ஒரு எண்ணைக் கண்டவுடன், எவ்வளவு பரப்பில் என்று கேள். சாதனைக் கலங்கள் பல ஒரு சதுர சென்ரிமீற்றர் அளவுதான். முகமூடி வைத்து அளந்தார்களா, விளக்கைச் சரிபார்த்தார்களா என்று பார். பெரோவ்ஸ்கைற் கலத்தில் வோல்ற்றளவைக் கூட்டிக்கொண்டு போய் அளந்தால் ஒரு எண், குறைத்துக்கொண்டு வந்து அளந்தால் இன்னொரு எண் வரும். பெரிய எண்ணை மட்டும் எழுதுகிற ஆசை வரும், அதற்கு இடம் கொடுக்காதே. ஆய்வுகூடத்தில் 25 பாகையில் அளக்கிறார்கள், எங்கள் கூரையில் மத்தியானம் பனல் 60 பாகைக்குப் போகிறது. சாதாரண சிலிக்கன் அதிலேயே பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்கிறது. உன் பதிவுக் கொப்பியில் அந்தச் சூட்டையும் ஒரு நிரலாக வை.

கணினியை விட்டுவிடு என்று நான் சொல்லமாட்டேன். ஒளி எப்படிச் சாயும் என்று அந்தக் கோலத்தை முதலில் கணித்தது கணினிதான். நிரல் எழுதப் படி, அதோடு கையையும் பழக்கு. கண்ணாடித் தகட்டைச் சுத்தமாகக் கழுவவே உனக்குப் பல மாதம் போகும், அலுத்துவிடாதே. இரசாயனத்தைக் கைவிடாதே, ஏனென்றால் மெலிந்த கலத்தில் எல்லாம் மேற்பரப்பு, மேற்பரப்பு இரசாயனக்காரர்களின் ஊர். கொழும்பிலும் கண்டியிலும் இதே வேலை செய்கிற சிங்களப் பிள்ளைகளோடு பழகு, அவர்களுடைய கருவியும் உன்னுடைய கரையும் ஒன்றுக்கொன்று தேவை. வெளிநாட்டில் இடம் கிடைத்தால் தயங்காமல் போ. திரும்பி வந்தால்தான் மரியாதை என்று உன்னைக் கட்டிப்போட எனக்கு மனமில்லை. எங்கே இருந்து செய்தாலும், உன் ஆய்வில் உப்பு என்று ஒரு அத்தியாயம் இருந்தால் போதும்.

அடுத்த விடுமுறைக்கு வரும்போது துறையில் கேட்டு ஒளிச்செறிவு அளக்கிற கருவி ஒன்றை இரவல் வாங்கி வா. பள்ளிக்கூடக் கூரையில் இருக்கிற பனல்களுக்குப் பாதரிடம் அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன். நாலு பனலைத் தேர்ந்தெடுப்போம். இரண்டைக் காலையில் நன்னீரால் கழுவி, ஒன்றை எங்கள் கிணற்று உவர்நீரால் கழுவி, மற்றதைத் தொடாமல் விட்டு, சோளகம் முடியும்வரை கிழமைக்கு ஒருதரம் நான் அளந்து உனக்கு அனுப்புகிறேன். பெட்டிகளைத் திறந்து ரப்பர் வளையங்களை முதலிலேயே படம் எடுத்து வைக்க வேண்டும். ஏணி பெரியப்பாவிடம் இருக்கிறது. கையுறை மட்டும் உன் அளவுக்கு நீயே கொண்டுவா.

அன்புடன்,
மாமா